கப்பலுக்குப் பதினெட்டுப் பேர்

பதினோராவது கழுத்தில் சந்திரா முடிச்சுப் போட்டு முடித்தாள். எண் தெரியாதபடி கவிழ்த்துப் பிடித்து அடுத்த தகரத்தை எடுத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டிய தகரம், மேலே ஒரு ஓட்டை, நடுவில் கறுப்புப் பெயின்டில் ஒரு எண். ஓட்டையில் சணலைக் கோத்து, பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து பிடரியில் முடிய வேண்டும். தளர்வாகக் கட்டினால் பிள்ளைகள் அவிழ்த்து எறிந்துவிடுகிறார்கள் என்று அந்த வீட்டைச் சுற்றிக் காட்டுகிற ஹரிஹரன் தம்பி சொல்லியிருந்தார். வலை பின்னிப் பிழைக்கிற கிளிஞ்சல்மேட்டுக்காரியிடம் போய் முடிச்சைப் பற்றிச் சொல்லலாமா? அவள் வலை முடிச்சாகவே போட்டுக்கொண்டு வந்தாள். அறுத்தால்தான் உண்டு.

பிரெஞ்சுக்காரன் காலத்து வியாபாரி ஒருவரின் வீடு அது. இடிந்து கிடந்ததை யாரோ ஒரு அமைப்பு எடுத்துப் பூசி, மஞ்சள் சுண்ணாம்பு அடித்து, ‘நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய காரைக்காலில் ஒரு நாள்’ என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்தால், ஆளுக்கொரு வேஷம் கொடுத்து, அந்தக் காலத்தில் எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படி வேலை செய்தார்கள் என்று ஒரு பகல் முழுக்க வாழவைத்து அனுப்புவார்கள். ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு நாற்பத்திரண்டு பேரோடு வந்திருந்தது. கூட வந்தது சமூக அறிவியல் எடுக்கும் தேவிகா மிஸ்ஸும், பள்ளிக்கூடத்து ஆயா சந்திராவும். வாந்தி எடுக்கிற பிள்ளைக்குப் பாலித்தீன் பை நீட்டவும், காணாமல் போகிற தண்ணீர் பாட்டில்களைத் தேடவும் ஆயா இல்லாமல் எந்தச் சரித்திரமும் நடக்காது.

வேஷங்களைப் பிரித்தது பஸ்ஸிலேயே முடிந்துவிட்டது. தேவிகா மிஸ் கெட்டவர் இல்லை. பிள்ளைகள்மேல் கை வைக்கமாட்டார். யாருக்காவது பென்சில் இல்லையென்றால் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். துரை, துரைசாணி, பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி, குமாஸ்தா, சமையல்காரர், விசிறி இழுப்பவர் என்று பட்டியலைப் படித்து முடித்துவிட்டு, கடைசியாக மீந்த பதினெட்டுச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தார். ஆப்பிரிக்காப் பக்கத்து ரீயூனியன் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன கூலிகளின் சீட்டுகள் அவை.

“கிளிஞ்சல்மேடு, கோட்டுச்சேரிமேடு புள்ளைங்கள்லாம் கப்பலுக்கு வந்துடுங்க. ஒங்களுக்குத்தான் அலையெல்லாம் பழக்கம். மத்ததுங்கள அதுல படுக்கப் போட்டா அங்கயே வாந்தி எடுத்துரும்” என்றார். பஸ்ஸே சிரித்தது. கடலோரத்துப் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். சந்திராவின் மகள் அல்லி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வாரமாக அவள் கண்ணாடி முன்னால் நின்று துரைசாணி மாதிரி கழுத்தைச் சாய்த்து “போன்ழூர்” என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். துரைசாணியின் வலைப்பின்னல் வைத்த தொப்பி அதே வகுப்புப் பஹீமாவுக்குப் போயிற்று. வயலும் வேலையுமாக இருந்தவர்கள்தான் அந்தக் கப்பல்களில் அதிகம் போனார்கள், பாதிப் பேர் அதற்கு முன் கடலையே பார்த்திருக்கமாட்டார்கள் என்று பிறகு ஹரிஹரன் தம்பி விளக்கியபோது தேவிகா மிஸ் “அப்பிடியா சார்” என்று கேட்டுக்கொண்டார். அதற்காகச் சீட்டை மாற்றிக்கொண்டிருக்க நேரம் இல்லை.

அல்லி வந்து முதுகைக் காட்டி நின்றாள். பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“என்னா நம்பரும்மா?”

“இருபத்தி மூணு.”

“இந்த வேஷம் போட வீட்டுலயே இருந்திருக்கலாம்.”

சந்திரா முடிச்சை இழுத்துப் பார்த்தாள். தகரம் பிள்ளையின் நெஞ்சில், சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குக் கீழே போய் உட்கார்ந்தது. எண் எழுதின எதையும் பிள்ளையின் நெஞ்சில் பார்க்க அவளுக்குப் பிடிக்காது. விளையாட்டுப் போட்டிக்குத் துணியில் எண் குத்திவிட்டபோதுகூட அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அல்லிக்கு முன்னால் ஓர் அல்லி இருந்தாள். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. சுனாமிக்குப் பிறகு, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த பெண்கள் எத்தனையோ பேர் வெட்டின குழாயைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். சிலருக்குத் தங்கிற்று, சிலருக்கு இல்லை. தங்கினவர்கள், போன பிள்ளையின் பேரையே வந்த பிள்ளைக்கு வைத்தார்கள். சந்திராவின் தெருவில் மட்டும் அப்படி நாலு பேர் இருக்கிறார்கள். மூத்த அல்லிக்கு அன்றைக்கு ஐந்து வயது. “கடல் கொண்டுபோயிடுச்சு, கெடைக்கல” என்று சொல்லித்தான் சின்னவளை வளர்த்தார்கள். சந்திராவின் புருஷன் காத்தமுத்துவுக்கும் அதுதான் தெரியும். டிசம்பர் இருபத்தாறு அன்று, கிடைத்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் புதைத்த இடத்துக்குப் பூ எடுத்துப் போவார்கள். கிடைக்காதவர்கள் நேரே கடலுக்குப் போய்ப் பால் ஊற்றுவார்கள். சந்திராவும் காத்தமுத்துவும் பத்தொன்பது வருஷமாகப் பால் ஊற்றுகிறார்கள்.

ஆனால் அவள் கிடைத்திருந்தாள். நாலாம் நாள், ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டு, புகைப்படங்களை ஒட்டிய நோட்டு ஒன்றை வைத்திருந்தார்கள். உடம்புகளை வைத்திருக்க முடியாது என்று அதற்குள் புதைத்தாகிவிட்டது. ஒவ்வொரு படத்திலும் நெஞ்சின்மேல் எண் எழுதிய ஒரு சீட்டு. சந்திரா பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே போனாள். முகங்கள் எல்லாம் ஊதி ஒரே முகமாக இருந்தன. நூற்றுப் பதினேழில் விரல் நின்றது. முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வலது காதில் ஒரு சின்ன வேப்பங்குச்சி இருந்தது. காது குத்தின இடம் புண்ணாகிவிட, தோட்டைக் கழற்றிவிட்டு, ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்கு அளவுக்குச் சீவி வெள்ளிக்கிழமை காலையில் அவள்தான் செருகினாள். பிள்ளை அழுததும், ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்ததும்கூட நினைவிருந்தது.

“ஒங்க புள்ளையாம்மா?” என்று கேட்டார் மேசையில் இருந்தவர். நல்ல மனிதர். மெதுவாகத்தான் கேட்டார்.

“இல்லங்க.”

“நல்லாப் பாருங்க.”

“எம் புள்ள இல்லங்க.”

அவர் பக்கத்தைத் திருப்பினார். ஏன் அப்படிச் சொன்னாள் என்பது இன்றுவரை அவளுக்கே சரியாகத் தெரியாது. ஆமாம் என்று சொன்னால் அல்லி செத்துப்போய்விடுவாள் என்பது மட்டும் அந்த நேரத்தில் தெரிந்தது. நாளைக்கு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்றும் ஒரு நினைப்பு இருந்தது. மறுநாள், தொடை எலும்பு முறிந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்த காத்தமுத்து “கெடைச்சுதா?” என்றான். கெடைக்கல என்றாள். ஒரு பொய்யைத் திருத்த ஒரு நாள்தான் கெடு. அது தாண்டிவிட்டால் அதுவே நடந்ததாகிவிடுகிறது. மற்றவர்களைப் போல அவளும் குழாயைச் சேர்த்துக்கொண்டாள், வருஷக்கணக்கில் காத்திருந்தாள், பெண் பிறந்தது. பேர் வைக்கிற அன்று காத்தமுத்து பிள்ளையின் காதில் “அல்லி, அல்லி, அல்லி” என்று மூன்று தடவை சொல்லிவிட்டு அழுதான். எல்லோரும் அழுதார்கள். அந்த நேரத்தில் அவள் வாயைத் திறந்து என்ன சொல்லியிருக்க முடியும்?

மத்தியானம் துரை வீட்டுச் சாப்பாடு நடந்தது. நீள மேசை, வெள்ளை விரிப்பு. துரையும் துரைசாணியும் முள்கரண்டியால் இட்லியைக் குத்தினார்கள். பஹீமாவின் தொப்பி சாம்பாரில் விழுந்தது. மேலே தொங்கிய துணி விசிறியை இழுத்த இரண்டு பையன்களும் கை வலிக்கிறது என்று தேவிகா மிஸ்ஸிடம் முறையிட்டு, “அவங்களுக்கும் வலிச்சிருக்கும்ல? அதத்தான் எழுதணும்” என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். கப்பல் பிள்ளைகளுக்குப் பின்கட்டில் கஞ்சியும் ஊறுகாயும். அனுபவம் முழுசாக இருக்க வேண்டுமாம். சந்திரா வாளியிலிருந்து ஊற்றினாள். அல்லி கிண்ணத்தை நீட்டும்போது தகரம் கிண்ணத்தின் விளிம்பில் பட்டு டங்கென்றது.

சாப்பிட்டு முடித்ததும் ஹரிஹரன் தம்பி பதினெட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்தினார். புதுச்சேரியில் படித்துவிட்டு வந்தவர், மெலிந்த உடம்பு, வேலையில் அப்படியொரு ஆசை. பின்கட்டை ஒட்டிய பழைய புளிக்கிடங்குதான் கப்பலின் அடித்தளம். தாழ்ந்த கூரை, ஜன்னல்கள் பலகை வைத்து அடைத்தவை. உள்ளே போனால் புளியும் உப்பும் பழைய சாக்கும் சேர்ந்த வாடை. எங்கோ மூலையில் ஸ்பீக்கர் வைத்து அலைச் சத்தம் ஓடவிட்டிருந்தார்கள். கடலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது கொல்லையில் ஓடுகிற மோட்டார் மாதிரி கேட்டதோ என்னவோ, இரண்டு பேர் சிரித்தார்கள்.

“சிரிக்கக் கூடாது. இனிமே ஒங்களுக்குப் பேரு கெடையாது. நம்பர்தான். யாரு பேரச் சொல்லிக் கூப்ட்டாலும் அசையக் கூடாது, கண்ணு தொறக்கக் கூடாது. கடைசி வரைக்கும் அசையாம இருக்கறவங்களுக்கு ஒரு பரிசு இருக்கு” என்றார் ஹரிஹரன். பிள்ளைகளை மூன்று வரிசையாக, ஆறு ஆறு பேராக, தோளோடு தோள் இடிக்கப் படுக்கவைத்தார். கைகளை உடம்போடு ஒட்டிவைக்கச் சொன்னார். தகரங்களைச் சரிசெய்து, எண் மேலே தெரியும்படி நெஞ்சில் வைத்தார்.

சந்திரா கிடங்குக்கு வெளியே கஞ்சி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்துவிட்டால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

“சந்திராக்கா, இஞ்ச வாங்க. ஒங்களுக்கும் ஒரு வேஷம் வந்துருக்கு” என்று தேவிகா மிஸ் கூப்பிட்டார்.

“எனக்கு எதுக்கு மிஸ்? வேலை கெடக்கு.”

“அம்மா வேஷம்தான். அதுக்கு நடிக்கவா வேணும்?”

கப்பல் புறப்படுவதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் கரைக்கு ஓடி வந்து கெஞ்சியிருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம் என்றார் ஹரிஹரன் தம்பி. தன் பிள்ளையைக் காட்டி, பேரும் அடையாளமும் சரியாகச் சொன்னால் குமாஸ்தா பதிவேட்டில் அடித்துவிட்டு இறக்கிவிட்டுவிடுவார். சொல்லத் தெரியாவிட்டால் கப்பல் போய்விடும். அவர் ஒரு நீள நோட்டைப் பிரித்துக் கையில் வைத்திருந்தார். துரை, துரைசாணி, துபாஷி எல்லோரும் வாசலில் வந்து கூடினார்கள். தேவிகா மிஸ் போனைத் தூக்கிப் பிடித்தார்.

“நான் வேணாம் தம்பி” என்றாள் சந்திரா.

“அக்கா, ஒங்க பொண்ணு உள்ளதான் இருக்கு. போயிப் பாத்து இதுதான்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான்.”

யாரோ முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினார்கள். வெளிச்சத்திலிருந்து போனவளுக்கு முதலில் தகரங்கள்தான் தெரிந்தன. அப்புறம் கழுத்துகள், அப்புறம் முகங்கள். எல்லாக் கண்களும் மூடியிருந்தன. பிள்ளைகள் விளையாட்டை நன்றாக விளையாடினார்கள். ஒருவரும் மூச்சுகூட விடவில்லை. சந்திராவின் கால் முதல் வரிசைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. ஊதின முகங்கள் இல்லை, நல்ல முகங்கள், இப்போதுதான் கஞ்சி குடித்த முகங்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை உடம்பு கேட்கவில்லை.

“எந்தப் புள்ளம்மா ஒன்னுது?” ஹரிஹரன் குமாஸ்தாவாகக் குரலைக் கட்டையாக்கிக் கேட்டார்.

மூன்றாவது வரிசையில், சுவர் ஓரத்திலிருந்து இரண்டாவதாக அல்லி கிடந்தாள். முகம் இடப்பக்கம் சாய்ந்து, வலது காது மேலே தெரிந்தது. சந்திராவின் வாயில் ‘இல்லங்க’ தயாராக வந்து நின்றது. பத்தொன்பது வருஷம் கழித்தும் அந்தச் சொல் அப்படியே, அதே இடத்தில் இருந்தது. அவள் அதை விழுங்கினாள். பிள்ளைகளின் கால்களுக்கிடையே பார்த்துப் பார்த்து மிதித்துப் போய் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

“அல்லி” என்றாள்.

அல்லி அசையவில்லை. வாசலில் யாரோ கிசுகிசுத்துச் சிரித்தார்கள்.

“அல்லி.”

இமைகூட ஆடவில்லை. பரிசை விட்டுக்கொடுக்கிற பிள்ளை இல்லை அது.

“பேரச் சொன்னா ஆச்சா? ஆயிரம் அல்லி இருக்கும். அடையாளம் சொல்லு.”

“வலது காதுல வேப்பங்குச்சி இருக்கும்.”

ஹரிஹரன் நோட்டில் எழுதுவதுபோலப் பாவனை செய்தார். “நம்பரு?”

“நூத்திப் பதினேழு.”

“இது இருபத்தி மூணுல்ல? தப்பாச் சொன்னா கப்பல் போயிடும்மா.”

“நூத்திப் பதினேழுங்க” என்றாள் சந்திரா. குரல் உயரவில்லை. “எம் புள்ளதாங்க அது. அன்னிக்குப் போட்டாவப் பாத்து இல்லன்னு சொன்னேன். எம் புள்ளதாங்க.”

வாசலில் கைதட்டல் எழுந்தது. “அக்கா பின்றீங்க” என்றார் ஹரிஹரன் தம்பி, தன் சொந்தக் குரலில். தேவிகா மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. போனை இறக்காமல் மறு கையால் துடைத்துக்கொண்டார். ஆனால் தரையில் கிடந்த பிள்ளைகள் யாரும் கைதட்டவில்லை. எண் என்றால் என்ன, போட்டோ என்றால் என்ன என்று அந்தப் பதினெட்டுப் பேருக்கும் தெரியும். அவர்கள் வீடுகளில் அது தினமும் பேசுகிற பேச்சு. காணாமல் போன பிள்ளைக்கு எண் கிடையாது. கிடைத்த பிள்ளைக்குத்தான் எண். ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். அல்லி எழவில்லை. கண்ணை மட்டும் திறந்து, தலைகீழாகத் தெரிந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

பின்கட்டுக் குழாயடியில் அல்லி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது சந்திரா பக்கத்தில் போய் நின்றாள். மற்ற பிள்ளைகள் ஐஸ்கிரீமுக்கு முன்பக்கம் ஓடியிருந்தார்கள்.

“கெடைச்சிருக்கா” என்றாள் அல்லி. கேள்வியாகக் கேட்கவில்லை.

“ம்.”

“நீ பாத்துருக்க.”

“பாத்தேன்.”

“அப்பாவுக்கு?”

“தெரியாது.”

அல்லி குழாயை மூடினாள். மூடின பிறகும் சொட்டியது. இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். “அவள நம்பரோட விட்டுட்டு வந்துட்டு, பேர மட்டும் எடுத்தாந்து எனக்கு வச்சிருக்க” என்றாள்.

திட்டியிருந்தால் சந்திரா தாங்கியிருப்பாள். அது தெரியாமல் செஞ்சதும்மா என்று சொல்ல நினைத்தாள்; தெரிந்துதான் செய்தது. எதையாவது செய்ய வேண்டுமே என்று மகளின் பிடரிக்குக் கை கொண்டுபோய் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ஈரத்தில் சணல் இறுகிப்போயிருந்தது. நகம் நுழையவில்லை. பல்லால் கடிக்கலாமா என்று குனிந்தாள்.

“வுடு. இருக்கட்டும்” என்று அல்லி விலகி நடந்தாள்.

நாலு மணிக்குப் பஸ் வந்தது. ஹரிஹரன் தம்பி வாசலில் நின்று கத்தரிக்கோலால் ஒவ்வொரு கயிறாக அறுத்துத் தகரங்களைக் கூடையில் போட்டார். வலை முடிச்சைத் திட்டிக்கொண்டே அறுத்தார். கடைசியில் எண்ணிப் பார்த்து ஒன்று குறைகிறது என்றார். தேவிகா மிஸ் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தேடி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குள் ஏறி வருகைப் பதிவேட்டைத் திறந்தார். சந்திரா படியில் நின்றாள். எப்போதும் அவள் இடம் அதுதான்.

“அல்லி.”

மிஸ் தலையைத் தூக்காமல் மறுபடி, “கா. அல்லி” என்றார்.

மூன்றாவது ஜன்னல் ஓரத்தில் அல்லி உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிலும் கிளிஞ்சல்மேட்டுப் பிள்ளைகள். அவர்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பஹீமா, “மிஸ், அவ இன்னும் கப்பல்லயே இருக்கா” என்றாள்.

“வெளையாட்டு முடிஞ்சு போச்சும்மா. உள்ளேன்னு சொல்லு, நேரமாவுது.”

அல்லி மிஸ்ஸைப் பார்க்கவில்லை. இருக்கைகளைத் தாண்டி, படியில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். பஸ் முழுக்க அதிர்ந்தது. அவள் நெஞ்சில் கிடந்த தகரம் சட்டைப் பொத்தானில் பட்டுக் கடகடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

“சந்திராக்கா, நீங்களாவது சொல்லுங்க. ஒங்க புள்ளதானே, இருக்கா இல்லியா?” தேவிகா மிஸ் பேனாவைப் பேருக்கு நேராக வைத்துக்கொண்டு கேட்டார்.

சந்திரா வாயைத் திறந்தாள். ஜன்னல் ஓரத்தில் அல்லி, சத்தம் நிற்பதற்காக, இரண்டு விரலால் தகரத்தை நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.